மலை ரோட்டுல பாரம் ஏத்துறதும் ட்ரெய்லர் இழுக்குறதும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் ஹட்டன் பக்கம். 23 வருசம் லொறி ஓட்டுனவன், மொத தேயிலைக் கொழுந்து லொறி, பொறகு நுவரெலியா மரக்கறி ஏத்திக்கிட்டு தம்புள்ளைக்கு, இப்ப முழங்கால் ஏலாம போனதால வீட்டோட ஒரு சின்ன கராஜ் போட்டு உக்காந்திருக்கேன். நம்ம தோட்டத்து பொடியன்க லீசிங்ல கெப்பு (பிக்கப்), லொறின்னு எடுத்துட்டு வந்து ஒரே கேள்வியத்தான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டா எனக்கும் தொண்டைத் தண்ணி மிச்சம்.

அண்ணே, என் வண்டில எத்தனை டொன் ஏத்தலாம்?

வண்டி புக்குல ரெண்டு எண்ணு இருக்கும். ஒன்னு வெறும் வண்டியோட எடை, இன்னொன்னு சாமான், ஆளு எல்லாம் சேர்த்து மொத்தமா இருக்கக் கூடிய எடை. ரெண்டாவதுல இருந்து மொதலாவத கழிச்சா வர்றதுதான் நீங்க ஏத்தக் கூடியது. என்கிட்ட இருந்த பழைய பதினாலரை அடி லொறிக்கு வெறும் எடை 2,900 கிலோ, மொத்தம் 6,500. அப்ப மிச்சம் 3,600. அதுலயும் நானு, கிளீனரு, தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, பின்னால கூடுதலா அடிச்ச இரும்பு வேலின்னு ஒரு 300 போயிரும். யாரு அந்த 300ஐ கழிக்கிறா சொல்லுங்க.

சாமானோட எடை தெரியாமத்தான் முக்கால்வாசி பேரு ஓவர்லோட் அடிக்கிறாங்க. சீமெந்து கணக்கு சுலபம், மூட்டை 50 கிலோ, 20 மூட்டைன்னா ஒரு டொன். டிமோ பட்டா சின்ன லொறில முக்கா டொன்தான் ஏத்தலாம்னா அது 15 மூட்டை, 16ஆவது மூட்டை கடைக்காரனுக்கு நல்லது ஒங்களுக்கு இல்ல. ஆயிரம் லீட்டர் தண்ணி டேங்க் நெறைஞ்சிருந்தா தண்ணி மட்டும் ஒரு டொன். மணல்தான் மோசம். ஒரு கியூப்னா 100 கன அடி, காஞ்ச மணலே நாலரை டொன் பக்கம் வரும், ஈர மணல்னா 5 டொன்ன தாண்டிரும். மேல சொன்ன லொறில ஒரு கியூப் ஈர மணல் ஏத்துனா புக்கு கணக்க விட ஒன்றரை டொன் கூட. ஆனா பாக்குறதுக்கு லொறி பாதிதான் நெறைஞ்சிருக்கும், அதான் கண்ணு ஏமாத்துறது.

மழைல நனைஞ்சா எடை கூடுமா?

கூடாம? கொழுந்து லொறி ஓட்டுனவங்கள கேளுங்க. மழை நாள்ல கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்புள்ள தண்ணிக்குன்னு கிலோ வெட்டுறாரு இல்ல, அதுக்கு கொழுந்து பறிக்கிற அக்காமாரு சண்டை புடிக்கிறாங்க இல்ல, அந்த தண்ணி எல்லாம் லொறிலதான் வருது. பேப்பர்ல வெட்டுன கிலோவ டயருக்கு யாரும் வெட்டிக் குடுக்கல.

பெக்டரிக்கு ஏத்துற வெறகும் அப்புடித்தான், பச்சை வெறகும் காஞ்ச வெறகும் ஒரே அளவுக்கு அடுக்குனாலும் எடை ஒன்னு இல்ல. கோழி எருவும் அதே. கீழ் நாட்டுல இருந்து மூட்டைல வரும்போது காஞ்சு இருக்கும், தார்ப்பாய் ஒழுங்கா மூடாம கினிகத்தேனை மழைல வந்தீங்கன்னா நுவரெலியா போய் சேர்றப்ப வேற லோடு.

ஹைலக்ஸ் கெப்பு மூன்றரை டொன் இழுக்கும்னு சொல்றாங்க, அப்ப நான் மண் தோண்டுற சின்ன பெகோ ஒன்ன ட்ரெய்லர்ல வச்சு இழுக்கலாமா?

இந்த கேள்விதான் ரொம்ப. கம்பனி சொல்ற கணக்கு பொய் இல்ல, ஆனா முழுசா வாசிங்க. டபுள் கெப்புகளுக்கு பொதுவா ரெண்டு எண்ணு குடுப்பாங்க, பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 3,000, 3,500 கிலோன்னு ஒன்னு, பிரேக் இல்லாததுக்கு 750 கிலோன்னு ஒன்னு. இங்க வெல்டிங் கடைல பழைய அக்சல் ஒன்ன வச்சு அடிச்சுத் தர்ற ட்ரெய்லர்ல பிரேக் எங்க இருக்கு? அப்ப ஒங்க எண்ணு 750, அதுவும் ட்ரெய்லரோட சொந்த எடையும் சேர்த்து. ட்ரெய்லரே 300 கிலோன்னா சாமான் 450தான்.

இன்னொன்னு, இந்த இழுவை எண்ணு ஐரோப்பாவுல எப்புடி போடுறாங்கன்னா 12 சதவீத ஏத்தத்துல நின்னுட்டு திரும்ப கிளம்ப ஏலுமான்னு பாத்துத்தான். 12 சதவீதம்னா 100 மீட்டர் போக 12 மீட்டர் ஏறுறது. நம்ம தோட்டத்துல மேல் டிவிஷன் லயத்துக்கு போற கொங்கிரீட் ரோட்ட நெனைச்சுப் பாருங்க, சில இடத்துல ஆளு நடந்து ஏறவே முழங்கால்ல கை வைக்கணும். அங்க அந்த கணக்கு செல்லாது.

எத்தனை டொன் இழுக்கும்னு கேக்காதீங்க, எத்தனை டொன்ன நிப்பாட்டும்னு கேளுங்கன்னு எனக்கு தொழில் சொல்லிக் குடுத்த டிரைவர் அண்ணன் சொல்வாரு. இன்ஜின் இழுக்குறதும் பிரேக் நிப்பாட்டுறதும் ரெண்டும் ரெண்டு கணக்கு.

பெகோவ, மெஷின் ஏத்துற லோ பெட் லொறிக்காரனுக்கு குடுத்துருங்க. சல்லி போனாலும் பரவால்ல.

லைசன்ஸ் எது வேணும்?

மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல 17,000 வரைக்கும் உள்ள லொறின்னா சி1. அதுக்கு மேல போனா சி. பெரிய ட்ரெய்லர் சேர்த்து இழுக்குறதுக்கு சிஈ. லேண்ட்மாஸ்டர்னு சொல்ற ரெண்டு சில்லு கை ட்ரெக்டருக்கு ஜி1, நாலு சில்லு ட்ரெக்டருக்கு ஜி. கார் லைசன்ஸ வச்சுக்கிட்டு பதினாலரை அடி லொறி ஓட்டுற தம்பிமாரு இருக்காங்க, எனக்கே தெரியும், பொலிஸ்ல மாட்டுனா தண்டப்பணம் ஒரு பக்கம், ஆளு மேல பட்டுட்டா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். அப்ப வீடு, வளவு எல்லாம் போகும்.

ட்ரெய்லர மாட்டுற எடத்துல என்ன பாக்கணும்?

கெப்புக்கு வர்றது உருண்டை ஹூக். அதுல 50 மில்லிமீட்டர் உருண்டை இருக்கு, ஒன்னே முக்காலே அரைக்கால் இஞ்சின்னு சின்னதும் இருக்கு. சின்ன உருண்டை மேல ட்ரெய்லரோட பெரிய கப்பு உக்காந்திரும், பூட்டுன மாதிரியும் தெரியும், மொத குழில ஏறி எறங்குறப்ப கழண்டுரும். அதால பூட்டுன பொறகு ட்ரெய்லர் மூக்க கையால மேல தூக்கிப் பாருங்க, இல்லாட்டி மூக்கு ஜாக்கிய போட்டு உயர்த்துங்க, கெப்போட பின்பக்கமும் சேர்ந்து எழும்பணும். அதுதான் சோதனை, கண்ணால பாக்குறது சோதனை இல்ல.

சங்கிலி ரெண்டு போடுங்க, ஒன்னுக்கு ஒன்னு குறுக்கா, மூக்குக்கு அடியால. குறுக்கா போட்டா ஹூக் கழண்டாலும் மூக்கு தரைல குத்தாம சங்கிலில தொட்டில் மாதிரி விழும். நீளம் முடக்குல (ரோட்டு வளைவுல) திரும்ப போதுமா இருக்கணும், ஆனா தரைல உரசக் கூடாது. ட்ரெக்டர் பெட்டிக்கு பின்னு போடுறவங்க அந்த பின்னுக்கு கீழ லொக் கிளிப் போடுங்க. கம்பித் துண்ட வளைச்சு விட்டுட்டு போறத நான் எத்தனை தடவை பாத்திருக்கேன், ஒரு தடவை தலவாக்கலை ரோட்டுல பெட்டி தனியா பின்னுக்கு போய் தேயிலைக்குள்ள நின்னுச்சு, நல்ல வேளை ஞாயித்துக்கிழமை, மலைல யாரும் இல்ல.

சாமான முன்னுக்கு வைக்கிறதா பின்னுக்கு வைக்கிறதா?

ட்ரெய்லர்ல அக்சலுக்கு முன்னால கொஞ்சம் கூட, பத்துல ஆறு பங்கு முன்னால நாலு பங்கு பின்னால. மூக்கு ஹூக்க அமுக்குற எடை மொத்த ட்ரெய்லர் எடைல பத்துல ஒரு பங்காவது இருக்கணும், 800 கிலோ ட்ரெய்லர்னா 80 கிலோ. அத அளக்க ஆள் நிறுக்குற தராச மட்டமான தரைல வச்சு அது மேல ஒரு கட்டைய நிறுத்தி மூக்க இறக்கிப் பாருங்க, அவ்வளவுதான் வேலை.

பின்னுக்கு பாரம் கூடிருச்சுன்னா கெப்போட பின் சில்லு லேசாகிரும், ட்ரெய்லர் வால ஆட்டத் தொடங்கிரும். இறக்கத்துல வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். அப்ப பயத்துல பிரேக்க மிதிச்சீங்கன்னா ட்ரெய்லர் ஒங்கள குறுக்கா தள்ளிரும். ஸ்டியரிங்க நேரா கெட்டியா புடிச்சுக்கிட்டு எக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுங்க, ஆட்டம் நிக்கட்டும், பொறகு மெதுவா ஓரங்கட்டி சாமான மாத்தி அடுக்குங்க. "இன்னும் ரெண்டு கட்டை தூரந்தானே" அப்புடின்னு போகாதீங்க.

இறக்கத்துல எந்த கியர்ல வரணும்?

இதுக்குத்தான் இந்த முழு பக்கத்தையும் எழுதுறேன்.

ஹட்டன் கடல் மட்டத்துல இருந்து 1,271 மீட்டர். வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கல, யட்டியந்தோட்டைன்னு அவிசாவளைக்கு வந்து சேர்றப்ப 1,200 மீட்டருக்கு மேல இறங்கியிருப்பீங்க. லொறியும் லோடும் சேர்ந்து 5 டொன்னுன்னு வைங்க. அந்த 5 டொன்ன அவ்வளவு ஒயரத்துல இருந்து வேகம் கூட விடாம இறக்குறப்ப வர்ற சூட்ட முழுசா தண்ணிக்கு குடுத்தா, 190 லீட்டர் பச்சைத் தண்ணி கொதிச்சிரும். நம்ம வீட்டு பின்னால மழைத் தண்ணி புடிக்க வைக்கிற பெரல் இருக்கே, அது நெறைய கொதிதண்ணி. காத்தும் டயரும் கொஞ்சத்த திங்கும், மிச்சத்த யாராச்சும் திங்கணும், ஒன்னு இன்ஜின் இல்லாட்டி பிரேக். இன்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கு, ஃபேன் இருக்கு, எக்ஸோஸ்ட் பைப் இருக்கு. பிரேக் டிரம்முக்கு என்ன இருக்கு?

டிரம் சூடாகுறப்ப விரியும், லைனர் அத எட்டிப் புடிக்க பெடல் இன்னும் கீழ போகணும். லைனரும் சூட்டுல வழுக்கத் தொடங்கும். அதுக்கு மேலயும் போனா பிரேக் ஒயில் கொதிக்கும். டொட் 3 ஒயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி தாங்கணும்னு கணக்கு, ஆனா அது காத்துல இருக்குற ஈரத்த குடிக்கிற சாமான், ஈரம் குடிச்ச பொறகு 140 டிகிரில கொதிச்சிரும். கொதிச்சா லைன்ல ஆவி, பெடல் பஞ்சு மாதிரி தரைக்கு போயிரும். நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை ஒயில மாத்துங்க, ஒரு போத்தல் எவ்வளவு வரப் போகுது.

அப்ப கியர். ஏறி வர்றப்ப அந்த இடத்த எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. புது டர்போ வண்டின்னா அதவிட ஒரு கியர் கொறைச்சே வைங்க, ஏன்னா அதுக ஏத்தத்த பெரிய கியர்லயே ஏறிரும். கியர இறக்கம் தொடங்க முன்னாலயே போட்டிருக்கணும், நடுவுல வந்து வேகம் புடிச்ச பொறகு சின்ன கியருக்கு தள்ளப் போனா விழாது, நியூட்டர்ல மாட்டிக்குவீங்க. எக்ஸோஸ்ட் பிரேக் (இன்ஜின் பொகைய அடைச்சு வேகத்த கொறைக்கிறது) இருந்தா மேலயே போட்டு விடுங்க, வெறும் லொறியா மழைல வந்தா மட்டும் பாத்துப் போடுங்க, பின் சில்லு இழுத்துரும்.

பிரேக்க எப்புடி மிதிக்கிறது? லேசா மிதிச்சுக்கிட்டே வர்றது தப்பு, அதான் நெறைய பேரு செய்றது. வேகம் 30க்கு வந்தா நல்லா அழுத்தி 20க்கு கொண்டாந்து முழுசா விட்டுருங்க, திரும்ப 30 வரட்டும். விட்ட நேரத்துல டிரம் கொஞ்சம் ஆறும். ஏர் பிரேக் வண்டின்னா விட்டு விட்டு சும்மா சும்மா மிதிச்சா காத்து முடிஞ்சிரும், அளவா செய்யணும்.

நியூட்டர்ல போட்டு இறங்குனா டீசல் மிச்சம்னு சொல்ற ஆளுங்கள லொறில கிளீனரா கூட ஏத்தாதீங்க. இப்பத்தி இன்ஜின் கியர்ல இறங்குறப்ப டீசல அடிக்கிறதே இல்ல, நியூட்டர்லதான் ஐட்லிங்குக்கு குடிக்கும். சாவிய ஓஃப் பண்ணிட்டு உருட்டுற ஆளும் இருந்தாங்க முந்தி, பவர் ஸ்டியரிங் செத்து, பிரேக் பூஸ்டர் ரெண்டு மிதியோட செத்து, கல்லு மாதிரி ஆயிரும்.

நான் ஒரு தடவை செஞ்ச தப்ப சொல்றேன். கரட்டும் லீக்ஸும் ஏத்துன லோடு, மாலை நேரம், முன்னால ஒரு பஸ்ஸு, அவன் வேகத்துக்கு நானும் போறேன்னு மூனாம் கியர்ல. கினிகத்தேனைக்கு மேல வர்றப்பவே ஒரு வாடை, மீன் கருகுற மாதிரி, நான் ரோட்டோர கடைல எதையோ பொரிக்கிறாங்கன்னு நெனைச்சேன். கிளீனர் பொடியன்தான் "அண்ணே, நம்ம டயர்ல இருந்து பொகை" அப்புடின்னான். நிப்பாட்டி எறங்கி சில்லு கிட்ட போனா மொகத்துல அடுப்பு சூடு. தண்ணி ஊத்தப் போன பொடியன தடுத்தேன், சூட்டு டிரம்முல பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சிரும். முக்கா மணித்தியாலம் உக்காந்திருந்தோம், ரெண்டு பிளேன்டீ. மரக்கறி பிந்திப் போச்சுன்னு முதலாளி ஏசுனாரு, அது பரவால்ல.

பிரேக் புடிக்கலன்னா என்ன செய்றது?

பெடல வேகமா பம்ப் பண்ணுங்க, கொஞ்சம் திரும்ப வரலாம். அதே நேரம் ஒவ்வொரு கியரா கீழ இறக்கப் பாருங்க, ஒரேயடியா ஒன்னுக்கு தள்ள ஏலாது. ஹேண்ட் பிரேக்க ஒரே இழுவைல இழுக்காம கொஞ்சம் கொஞ்சமா. சாவிய மட்டும் ஓஃப் பண்ணாதீங்க. ஹோன், லைட் எல்லாம் போட்டு ஆளுங்கள வெலக்குங்க. ஒன்னும் நடக்கலன்னா மலைப் பக்கம் போங்க, பள்ளத்துப் பக்கம் இல்ல. நம்ம ரோட்டுல மலைப் பக்கம் தண்ணி போற காண் ஒன்னு ஓடும், அதுக்குள்ள ரெண்டு சில்ல விட்டு மண்மேட்டுல பாடிய உரச விட்டீங்கன்னா லொறி நசுங்கும் ஆனா நிக்கும். வேகம் கூட முன்னால முடிவெடுக்கணும். அடுத்த முடக்குல சரியாயிரும்னு யோசிச்சா அந்த முடக்குல ஒங்களுக்கு மலைப் பக்கம் கிடைக்காம போகலாம்.

ராதெல்ல குறுக்கு ரோட்டால போனா தூரம் கொறையுமே?

கொறையும். 2023 ஜனவரி 20ஆம் தேதி அந்த இறக்கத்துலதான் பஸ் ஒன்னு வேனோடயும் ஆட்டோவோடயும் மோதி 7 பேரு செத்தாங்க. பார வாகனம் அதுல இறங்கக் கூடாதுன்னு தடை போட்டது அதாலதான். நானுஓயாவுல இருந்து பெரிய ரோட்டாலயே சுத்திப் போங்க.

நுவரெலியாவுக்கு ஏறுறப்ப வண்டி மூச்சு வாங்குது, சூடாகுது, ஏன்?

நுவரெலியா 1,868 மீட்டர். அங்க காத்து அடர்த்தி கொறைவு, டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு 1,000 மீட்டருக்கு பத்துல ஒரு பங்குன்னு சக்தி கொறையும்னு கணக்கு வைங்க, அப்ப மேல போறப்ப அஞ்சுல ஒரு பங்கு கிட்ட காணாம போயிருது. கறுப்புப் பொகை அதால வர்றதுதான், எக்ஸிலேட்டர இன்னும் அமுக்குனா பொகைதான் கூடும், கியர கொறைங்க.

தண்ணியும் அங்க 94 டிகிரி பக்கத்துலயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்த புடிச்சு வைக்கிறதாலதான் கொதிக்காம இருக்கு, அந்த மூடி ரப்பர் செத்திருந்தா ரம்பொடை தாண்டுறப்பவே ஆவி. புது மூடி வாங்குங்க. சூடா இருக்குறப்ப தெறக்காதீங்க, எனக்கு வலது கைல தழும்பு இன்னும் இருக்கு.

முடக்குல ட்ரெய்லரோட எப்புடி திரும்புறது?

ட்ரெய்லர் சில்லு ஒங்க பின் சில்லு போன வழில வராது, உள்ளுக்கு வெட்டிக்கிட்டு வரும். ரம்பொடை முடக்கு, ஹப்புத்தளைல இருந்து பெரகலைக்கு இறங்குற முடக்கு இதுலயெல்லாம் கெப்பு நல்லா திரும்பிரும், பின்னால ட்ரெய்லர் காணுக்குள்ள போயிரும், இல்லாட்டி ஓரத்துல மரக்கறி விக்கிற அம்மாவோட மேசைய தட்டிரும். கொஞ்சம் வெளிய எடுத்து தாமதிச்சு திருப்புங்க, உள் பக்க கண்ணாடில ட்ரெய்லர் சில்ல பாத்துக்கிட்டே. வெளிய எடுக்குறதுன்னா அடுத்த பக்கத்து லேன், அதால முடக்குக்கு முன்னாலயே ஹோன் அடிச்சு, வேகத்த முன்னாலயே கொறைச்சு, முடக்குக்குள்ள பிரேக் போடாம. ஏறி வர்றவனுக்கு வழி விடுங்க, அவன் லோடோட நின்னுட்டா திரும்ப கிளம்புறது கஷ்டம்.

லேண்ட்மாஸ்டர் இறக்கத்துல எதிர்ப் பக்கம் திரும்புது, பழுதா?

பழுது இல்ல தம்பி, அது அப்புடித்தான், தெரியாம நெறைய பேரு பள்ளத்துல விழுந்திருக்காங்க. மட்டமான தரைல கைப்பிடில உள்ள இடது கிளச்ச அமுக்குனா இடது சில்லுக்கு இழுவை போகாது, வலது சில்லு தள்ளும், வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்துல பெட்டி நெறைய உருளைக்கிழங்கு பின்னால இருந்து தள்ளுறப்ப கதை மாறும். அப்ப இன்ஜின்தான் சில்ல புடிச்சு நிப்பாட்டிக்கிட்டு இருக்கு, இடது கிளச்ச அமுக்குனீங்கன்னா இடது சில்லு விடுபட்டு ஓடும், வலது சில்லு புடிபட்டு நிக்கும், வண்டி வலது பக்கம் போகும். அதால இறக்கத்துல அந்த கிளச்ச தொடாம, சின்ன கியர்ல, கைப்பிடிய தள்ளித் திருப்புங்க. வெலிமடை பக்கம் தோட்டம் செய்றவங்க இத சின்ன வயசுலயே படிச்சிருவாங்க, புதுசா வாங்குறவங்கதான் மாட்டுறது.

நாலு சில்லு ட்ரெக்டருக்கு?

பிரேக் பெடல் ரெண்டு இருக்கும், இடது சில்லுக்கு ஒன்னு வலதுக்கு ஒன்னு, வயல்ல சுருக்கா திரும்புறதுக்கு. ரோட்டுக்கு வர்றப்ப ரெண்டையும் சேர்க்குற கொளுக்கிய போட்டுருங்க. போடாம ஒரு பெடல மட்டும் மிதிச்சா ஓடுற வேகத்துல ட்ரெக்டர் சுழண்டுரும். அந்த கொளுக்கி நெறைய ட்ரெக்டர்ல தொலைஞ்சு போயிருச்சு, ஒரு போல்ட்டாவது போட்டு சேர்த்துக்குங்க.

பெட்டில ஆளுங்கள ஏத்துறது பத்தி ஒன்னு சொல்லணும். காலைல ஆளுங்கள வேலைக்கு பிரிக்கிற பெரட்டு முடிஞ்சு தூர மலைக்கு போறப்ப நடக்க ஏலாதுன்னு அக்காமாரு ஏறிக்குவாங்க, டிரைவரும் பாவம்னு ஏத்திருவாரு. பெட்டிக்கு பிரேக் இல்ல, புடிக்க கம்பி இல்ல, கவுந்தா பாய்றதுக்கும் வழி இல்ல. கொழுந்து மூட்டைக்கு மேல உக்காந்து வர்றது இன்னும் மோசம். சொன்னா கோவிக்கிறாங்க, ஆனா நான் ஏத்த மாட்டேன்.

சாமான எப்புடி கட்டணும்?

கணக்கு ஒன்னு இருக்கு. சடன் பிரேக் போட்டா சாமான் தன் எடைல பத்துல எட்டு பங்கு பலத்தோட முன்னுக்கு பாயும்னு வச்சு கட்டணும், பக்கத்துக்கும் பின்னுக்கும் பாதி. ஒரு டொன் கம்பி கட்டுன்னா முன்னுக்கு 800 கிலோ புடிக்கணும், ஒரு நைலோன் கயிறு என்னத்த புடிக்கும்? அதால கனமானத முன் பலகையோட ஒட்ட வைங்க, இடைவெளி விடாதீங்க. ரெட்செட் பெல்ட் (லீவரால இறுக்குற பட்டி) போடுங்க, கூர் விளிம்புல பழைய டியூப் துண்டு வைங்க. 10 கிலோமீட்டர் போய் நிப்பாட்டி திரும்ப இறுக்குங்க, மூட்டை எல்லாம் ஆட்டத்துல அமுங்கி கட்டு தளந்திருக்கும். மரக்கறி மூட்டை ஒயரமா அடுக்குறவங்க, ஒயரம் கூடக் கூட முடக்குல சாயும், அது எடைல இல்ல ஒயரத்துல இருக்குற ஆபத்து.

பழுதான வண்டிய கயித்துல கட்டி இழுக்கலாமா?

மட்டத்துல கொஞ்ச தூரம் சரி. இறக்கத்துல வேணாம். பின்னால உள்ளதுல இன்ஜின் ஓடாதுன்னா பூஸ்டர் இல்ல, ஸ்டியரிங் இறுக்கம், ஒங்க பின்பக்கத்துல வந்து முட்டிரும். இரும்பு டோ பார் போடுங்க. சாவி ஓன்ல இருக்கணும், இல்லாட்டி ஸ்டியரிங் லொக் ஆயிரும். ஓட்டோ கியர் வண்டின்னா இழுக்கவே வேணாம், தூக்கிட்டு போற வண்டிய கூப்புடுங்க. சேத்துல மாட்டுனத ஜெர்க் அடிச்சு எடுக்குறப்ப பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது, கொக்கி கழண்டா துப்பாக்கிக் குண்டுதான்.

ட்ரெய்லரோட ரிவர்ஸ் வரவே மாட்டேங்குது.

கைய ஸ்டியரிங்கோட அடில வைங்க. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் நகத்துங்க, கொஞ்சம் கொஞ்சமா. மடங்கத் தொடங்குனா முன்னுக்கு எடுத்து நேராக்கிட்டு திரும்ப வாங்க. சின்ன ட்ரெய்லர்தான் கஷ்டம், நீளமானது மெதுவா கேக்கும். தள்ளுனா தானா புடிக்கிற பிரேக் உள்ள ட்ரெய்லர்னா மேட்டுல ரிவர்ஸ் போறப்ப பூட்டிக்கும், அதுக்கு லொக் ஒன்னு இருக்கும் பாருங்க. கிளீனர பின்னால நிக்க வைக்காதீங்க, கண்ணாடில தெரியுற பக்கத்துல நிக்கச் சொல்லுங்க.

ரீபில்ட் டயர் (பழைய டயர் மேல புது ரப்பர் ஒட்டுனது) போடலாமா?

முன்னுக்கு வேணாம், பின்னுக்கு நல்ல எடத்துல செஞ்சதுன்னா ஓகே. காத்து காலைல டயர் ஆறியிருக்குறப்ப பாருங்க. பின்னால சோடி டயர்ல உள் டயர யாரும் பாக்குறதில்ல, உள்ளது காத்து போயிருந்தா வெளி டயர் ரெண்டு பேரு பாரத்த தூக்கி வெடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல கல்லு மாட்டியிருந்தா எடுத்துருங்க.

மிஸ்ட் (பனிமூட்டம்) எறங்குனா?

பெரிய லைட் போடாதீங்க, வெள்ளைச் சுவரு மாதிரி கண்ணுல அடிக்கும், டிம் லைட்டும் ஃபொக் லைட்டும் போதும். ட்ரெய்லர் பின் லைட் எரியுதான்னு கிளம்ப முன்னால எறங்கிப் பாருங்க, நானுஓயா பக்கம் மிஸ்டுல லைட் இல்லாத ட்ரெக்டர் பெட்டி திடீர்னு முன்னால மொளைக்கிறத பாத்தவங்களுக்கு தெரியும். மலைல இருந்து மண்ணும் கல்லும் ரோட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தா அதுக்கு அடில நிப்பாட்டி படம் புடிக்காதீங்க.

முதலாளி "இன்னும் பத்து மூட்டை போடு"ன்னா என்ன சொல்றது?

எனக்கும் நடந்திருக்கு. முகத்துக்கு நேரா ஏலாதுன்னா வேலை போகும்னு பயம். நான் என்ன செஞ்சேன்னா, புக்கு கணக்குல அந்த 300ஐயும் கழிச்சு வர்ற எண்ண ஒரு அட்டைல எழுதி டேஷ்போட்ல ஒட்டி வச்சேன், 3,300ன்னு, பக்கத்துலயே சீமெந்துன்னா எத்தனை மூட்டை, உருளைக்கிழங்குன்னா எத்தனை மூட்டைன்னும். ஏத்துறப்ப அத காட்டி "பொலிஸ்ல நிறுத்துனா யாரு பேர்ல கேஸ் போடுவாங்க" அப்புடின்னு கேட்டா பாதி பேரு அடங்கிருவாங்க. ஒருத்தரு அடங்கல, சாவிய மேசைல வச்சுட்டு வந்தேன், ரெண்டு மாசம் வேலை இல்ல, வீட்டுல பேச்சு வாங்குனேன். பொறகு வேற லொறி கிடைச்சுச்சு.

சில்லுக்கு வைக்கிற கட்டை எப்புடி செய்யணும்?

கல்லு வேணாம், உருண்டு போயிரும், ரோட்டுல விட்டுட்டுப் போனா பின்னால வர்ற பைக்காரன் விழுவான். நல்ல வைரம் பாஞ்ச மரத்துல, டயர் ஒயரத்துல நாலுல ஒரு பங்கு வர்ற மாதிரி முக்கோணமா ரெண்டு வெட்டிக்குங்க. ஒவ்வொன்னுலயும் ஓட்டை போட்டு ஒரு முழ கயிறு கட்டுங்க. கட்டைய எடுக்குறப்ப கயித்த இழுத்து எடுக்கணும், கைய டயருக்கு அடில விடக் கூடாது. நான் கயிறு கட்டத் தொடங்குனது பிந்தி, அதுக்கு முன்னால என்னோட இருந்த கிளீனருக்கு இன்னைக்கும் இடது கைல சுண்டுவிரல் மடங்காது.